ஜார்ஜியாவில் வீடு வாங்குகிறோம்: மின் கூட்டுறவுச் சங்கப் பகுதியில் கரண்ட் பில் குறைவாக வருமா?

அட்லாண்டாவுக்கு வடக்கே இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருப்பதாகவும், ஒன்றுக்கு ஜார்ஜியா பவர் நிறுவனமும் மற்றொன்றுக்கு இ.எம்.சி. எனப்படும் கூட்டுறவுச் சங்கமும் மின்சாரம் தருவதாகவும், எதில் செலவு குறையும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆல்ஃபரெட்டாவில் வாடகை வீட்டில் இருந்தவரை நான் ஜார்ஜியா பவர் வாடிக்கையாளர்; ஃபோர்சைத் கவுண்டியில் வீடு வாங்கிய பிறகு கூட்டுறவு உறுப்பினர். என் அனுபவத்தில் கோடைக்கால பில் கூட்டுறவில் தெளிவாகவே குறைவு. ஆனால் கூட்டுறவு என்ற ஒரே காரணத்தால் அது குறைந்துவிடவில்லை. வீட்டை வாங்கிய பின் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளவும் முடியாது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலத்தை எல்லை பிரித்துக் கொடுத்துவிட்டது. 900 கிலோவாட்டும் அதற்கு மேலும் தேவைப்படும் புதிய பெரிய இணைப்புகளுக்கு மட்டுமே தேர்வு செய்யும் உரிமை உண்டு.

ஜார்ஜியா பவர், சதர்ன் கம்பெனி குழுமத்தைச் சேர்ந்த, பங்குதாரர்களின் நிறுவனம். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட பொதுச் சேவை ஆணையம் அதன் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. எரிபொருள், சம்பளம், பராமரிப்பு ஆகிய செலவுகள் ஒருபுறமிருக்க, மின்நிலையம், மின்மாற்றி, கம்பித்தடம் ஆகியவற்றில் பங்குதாரர்கள் போட்ட முதலுக்கு ஒரு வருவாய் விகிதத்தையும் ஆணையம் அனுமதிக்கிறது. 2022 இறுதியில் அது 10.5 விழுக்காடாக வைக்கப்பட்டது. கட்டுமானம் கூடினால் வருவாயும் கூடும் என்பதால், இந்த அமைப்பில் நிறுவனத்துக்குச் சிக்கனத்தைவிடக் கட்டுமானத்தில்தான் ஆர்வம் அதிகம் இருக்கும் என்பது என் கருத்து.

கூட்டுறவில் அந்த வருவாய் விகிதம் இல்லை. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழுவே கட்டணத்தை முடிவு செய்கிறது. பொதுச் சேவை ஆணையம் அதில் தலையிடுவதில்லை. வருமானத்தில் 85 விழுக்காடாவது உறுப்பினர்களிடமிருந்து வந்தால் கூட்டாட்சி வருமான வரியும் கிடையாது. ஆண்டு முடிவில் மிஞ்சும் உபரி, நாம் கட்டிய பில்லின் விகிதத்தில் நம் பெயரிலேயே வரவு வைக்கப்பட்டு, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறது.

அப்படியானால் எல்லாக் கூட்டுறவும் மலிவாக இருக்க வேண்டுமே என்று தோன்றும். அவ்வாறு இல்லாததற்குக் காரணம் இச்சங்கங்கள் பிறந்த இடம். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. வீடுகள் சிதறிக் கிடந்த ஊர்களுக்குக் கம்பி இழுக்கத் தனியார் நிறுவனங்கள் முன்வரவில்லை. ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் தன் சிறிய வீட்டுக்கு யூனிட்டுக்கு 18 சென்ட் பில் வந்ததையும், அது நியூயார்க்கின் ஹைட் பார்க்கில் தான் கட்டியதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பதையும் அதிபர் ரூஸ்வெல்ட் 1938 ஆகஸ்ட் 11 அன்று இதே மாநிலத்தின் பார்ன்ஸ்வில்லில் ஒரு மின் கூட்டுறவைத் தொடங்கி வைத்துப் பேசியபோது சொன்னார். இன்றும் நாடு முழுவதும் கூட்டுறவுகளுக்கு ஒரு மைல் கம்பிக்குச் சராசரியாக எட்டு இணைப்புகள்தான். தனியார் நிறுவனங்களுக்கு முப்பதுக்கும் மேல். ஒரே கம்பம், ஒரே மின்மாற்றி, மரக்கிளை வெட்டும் ஒரே செலவு; பங்கிட்டுக்கொள்ள ஆள் குறைவு. தெற்கு ஜார்ஜியாவின் கிராமப்புறச் சங்கங்களை இந்தச் சுமை இன்னும் அழுத்துகிறது. நீங்கள் பார்க்கும் பகுதியோ, வயல்வெளிகள் குடியிருப்புகளாக மாறிய புறநகர். பழைய கூட்டுறவின் எல்லைக்குள் புது வீடுகள் நெருக்கமாக வந்துவிட்டதால், அங்கே லாப நோக்கற்ற அமைப்பின் பலனும் வீட்டு நெருக்கத்தின் பலனும் சேர்ந்தே கிடைக்கின்றன.

மின்சாரம் எங்கிருந்து வாங்கப்படுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. இதில் வோக்டில் அணுமின் நிலையத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அதன் 3, 4-ஆம் உலைகளுக்கு முதலில் போட்ட மதிப்பீடு சுமார் 1,400 கோடி டாலர். 2023 ஜூலையிலும் 2024 ஏப்ரலிலும் அவை இயங்கத் தொடங்கியபோது செலவு 3,000 கோடியைத் தாண்டியிருந்தது. அவற்றின் உரிமையில் ஜார்ஜியா பவருக்கு 45.7 விழுக்காடு, மாநிலத்தின் 38 கூட்டுறவுகள் சேர்ந்து நடத்தும் மின் உற்பத்தி அமைப்பான ஓகில்தோர்ப் பவருக்கு 30 விழுக்காடு. ஜார்ஜியா பவர் வாடிக்கையாளர்கள் 2011 முதலே, உலை ஓடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பாகவே, அதன் நிதிச் செலவைப் பில்லில் தனிக் கட்டணமாகக் கட்டினார்கள். 2023 டிசம்பரில் மேலும் 756 கோடி டாலரைக் கட்டணத்தில் சேர்க்க ஆணையம் ஒப்புக்கொண்டது. எஞ்சிய சுமார் 260 கோடியைப் பங்குதாரர்கள் ஏற்க வேண்டியதாயிற்று. கூட்டுறவில் அப்படி இழப்பை ஏற்க மூன்றாம் மனிதர் இல்லை; ஓகில்தோர்ப்பின் கடன், நீண்டகால மொத்த விற்பனை ஒப்பந்தம் வழியாக உறுப்பினர் பில்லுக்கே வந்து சேரும். உரிமையாளர் நாமே என்பதன் முழுப் பொருள் இதுதான்; கூட்டுறவைப் புகழ்பவர்கள் இதைச் சொல்லத் தவறுவது எனக்கு வருத்தம் தருகிறது. அதே வேளை, 10.5 விழுக்காடு எதிர்பார்க்கும் பங்குமுதலைவிட, அரசு உத்தரவாதத்துடன் வாங்கிய கடனுக்கு வட்டி மிகக் குறைவு என்பதும் உண்மை.

பில்லின் வடிவத்தையும் பாருங்கள். ஜார்ஜியா பவரின் சாதாரண வீட்டுத் திட்டத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 650 யூனிட்டுக்கு மேல் ஒரு விலை, 1,000-க்கு மேல் இன்னொரு விலை என்று ஏறிக்கொண்டே போகும். இரண்டு ஏசி ஓடும் மாடி வீட்டில் ஜூலை மாதத்தில் 1,000 யூனிட் என்பது ஒரு கணக்கே இல்லை. கூட்டுறவுகளில் பொதுவாக மாத நிலைக்கட்டணம் கூடுதல். குறைவாகப் பயன்படுத்துபவருக்கு அது பாதகம். மின்கொள்முதல் விலைக்கேற்ப ஏறி இறங்கும் சரிக்கட்டல் தொகை ஒன்றும் பில்லில் தனியாக வரும். ஆகவே யூனிட் விலையை மட்டும் ஒப்பிடாமல், அந்த வீட்டின் கடந்த 12 மாதப் பயன்பாட்டை விற்பவரிடம் கேட்டு வாங்கி, இரண்டு கட்டண அட்டவணையிலும் ஜூலை, ஜனவரி பில்களைப் போட்டுப் பாருங்கள்.

கூட்டுறவு வீட்டையே வாங்கினால், இயக்குநர் தேர்தலுக்கான வாக்குச்சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் கட்டணத்தை முடிவு செய்பவர்கள் அவர்கள்தாம். பின்னாளில் வீட்டை விற்று வேறு மாநிலம் போனாலும் புதிய முகவரியைச் சங்கத்தில் பதிந்து வையுங்கள். உங்கள் பெயரில் சேர்ந்திருக்கும் வரவு, உறுப்பினர் விலகிய பிறகும் உங்களுடையதே. காசோலை அந்த முகவரிக்குத்தான் வரும்.