அறுவை மருத்துவர் மங்கோ பார்க் நூலாசிரியரானது எப்படி?

கப்பலில் மருத்துவம் பார்த்த ஒருவர் எப்படி நூலாசிரியரானார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்காட்லாந்தில் 1771-இல் பிறந்து எடின்பரோவில் மருத்துவம் பயின்ற மங்கோ பார்க், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் உதவி அறுவை மருத்துவராகச் சுமத்ராவுக்குச் சென்று வந்தார். ஆனால் அவரை எழுத வைத்தது அடுத்த பயணம்தான். நைஜர் ஆறு எத்திசையில் ஓடுகிறது என்பதை அறிந்துவர லண்டனின் ஆப்பிரிக்கச் சங்கம் 1795-இல் அவரை அனுப்பியது. இடையில் சிறைப்பட்டுத் தப்பிய அவர், 1796 ஜூலையில் செகு நகரில் அது கிழக்கு நோக்கி ஓடுவதை நேரில் கண்டார்.

திரும்பும் வழியில் கொள்ளையர் உடைகளைக்கூட உருவிக்கொண்டு, மோசமான ஒரு சட்டையையும் கால்சட்டையையும் மட்டும் விட்டுவைத்தபோது, தொப்பியையும் திருப்பிக் கொடுத்தார்கள். பயணக் குறிப்புகளை அவர் செருகி வைத்திருந்தது அந்தத் தொப்பியின் உச்சிக்குள்தான்! அது போயிருந்தால் 1799-இல் வெளியான பயணநூல் இத்தனை நுணுக்கத்தோடு அமைந்திருக்காது என்பது என் கணிப்பு. அந்த நிர்க்கதியிலும் விரல் நுனியளவேயான ஒரு பாசியின் வேரையும் இலையையும் வியந்து பார்த்ததாக எழுதுகிறார். தாவரவியல் பயின்ற கண் அல்லவா.

பின்னர் பீபிள்ஸ் நகரில் மருத்துவராக அமர்ந்தார், மனம் நிலைக்கவில்லை. 1805-இல் மீண்டும் நைஜருக்குப் புறப்பட்டவர், மறு ஆண்டு புசா அருகே அந்த ஆற்றிலேயே உயிரிழந்தார்.