பெங்களூரில் டாக்ஸி உரிமையாளர் சங்கங்கள் இத்தனை இருப்பது ஏன்? அவற்றின் வரலாறு என்ன?

அல்சூரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் கணக்கு எழுதியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஓட்டுநரோடு கார் வாடகைக்கு விடும் இத்தொழிலில், சங்கம் யாருக்காகப் பேசுகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறியதால்தான் ஒன்று பலவாயிற்று என்பது என் கணிப்பு.

பழைய சங்கங்கள் வண்டி முதலாளிகளுடையவை. வாடகையும் பெர்மிட்டும்தான் அவர்களுடைய கவலை. நகருக்குள் 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்ற பேக்கேஜ், ஷெட்டிலிருந்து (வண்டி நிறுத்துமிடம்) கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும் வரை கிலோமீட்டர் கணக்கு, வெளியூருக்குத் தனி பேட்டா ஆகியவற்றில் ஒருவர் இறங்கி வந்தாலும் மற்றவர் பிழைப்பு கெடும் என்பதால் பேசி வைத்துக்கொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. பெர்மிட் விஷயமும் அப்படித்தான். சேலத்துக்குச் சவாரி என்றால் ஓசூருக்கு முன்னால் ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டித் தமிழ்நாட்டு வரியைக் கட்டிவிட்டே போகவேண்டியிருந்தது. மாநிலந்தோறும் தனித்தனியாக வரி கட்டும் இந்தச் சுமையைக் குறைப்பதற்காக, ஆன்லைனில் ஒரே கட்டணத்தில் நாடு முழுவதற்கும் பெர்மிட் தரும் விதிகள் 2021 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தன.

இதற்கிடையில் ஐ.டி. கம்பெனிகளின் இரவு ஷிப்டு தொழிலைப் பெருக்கியது. 2005 டிசம்பரில் கால்சென்டர் பெண் ஊழியர் ஒருவர் கார் ஓட்டுநரால் கொல்லப்பட்ட பிறகு, ஓட்டுநரின் பின்னணியைச் சரிபார்ப்பது முதலாளிகளின் தலைமேல் வந்து விழுந்தது.

பிளவு ஆப்களால் வந்தது. ஊபர் 2013இல் இந்தியாவில் முதலில் கால் வைத்தது பெங்களூரில்தான். அதுவரை டிராவல்ஸ் வண்டிகளை ஓட்டியவர்கள் கடனில் சொந்தமாக மஞ்சள் போர்டு (வாடகைக்கு ஓட்டப் பதிவான) வண்டி வாங்கி ஆப்பில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு முதலாளிகளின் சங்கம் எதற்கு? கர்நாடக அரசு 2016இல் ஆப் நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயம் என விதி செய்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் ஊக்கத்தொகைக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் முதலாளிகள் அல்லர், ஓட்டுநர்கள்.

எல்லோரும் மறுபடி ஒன்றாக நின்றது 2023 செப்டம்பர் 11 அன்று. பெண்களுக்கு இலவசப் பேருந்துப் பயணம் தரும் சக்தி திட்டம் அவ்வாண்டு ஜூனில் தொடங்கியிருந்தது. பைக் டாக்ஸி மீதும் கோபம் இருந்தது. 32 சங்கங்கள் அடங்கிய கூட்டமைப்பு பந்த் நடத்த, போக்குவரத்து அமைச்சர் ராமலிங்க ரெட்டி போராட்டம் நடந்த சுதந்திரப் பூங்காவுக்கே வந்து பேசியபின் அன்றே அது முடிந்தது. ஆனால் சக்தியால் அடிபட்டவர்கள் பெரும்பாலும் தனியார் பேருந்துக்காரர்களும் ஆட்டோக்காரர்களும்தான். விமான நிலையச் சவாரியை நம்பியிருக்கும் கார்க்காரருக்கு முதல் தலைவலி ஆப் கட்டணமும், சொந்த உபயோகத்துக்கெனப் பதிவாகியும் வாடகைக்கு ஓடும் வெள்ளைப் போர்டு வண்டிகளுமே. அதனால்தான் கூட்டமைப்பு வந்தபின்னும் கார்க்காரர்கள் தங்கள் தனிச் சங்கங்களைக் கலைக்கவில்லை.