கறுப்பு முகங்கள் வரையும் மகளுக்கு என்ன படிப்பு?

அம்மா, வணக்கம். “கண்ணும் இல்லை, வாயும் இல்லை, வெறும் மையை அப்பிய முகம். இதை வைத்துச் சோறு தின்ன முடியுமா?” என்று கேட்டிருந்தீர்கள். இப்படி விளிம்பை மட்டும் காட்டி உள்ளே கறுப்பாக்கும் நிழலுருவப் படம் மட்டும் வரைந்து சிங்கப்பூரில் வீட்டுத் தவணை கட்ட முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் அனுப்பிய ஆறு படங்களைப் பார்த்த பிறகு எனக்குக் கவலை குறைந்துவிட்டது.

பாட்டியின் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூக்குத்தி இருக்கும் இடத்தில் மட்டும் மை படாமல் ஒரு வெள்ளைப் புள்ளி. கொண்டையிலிருந்து பிரிந்த முடியை, மையில் தண்ணீர் கலந்து மெல்லிசாக இழுத்திருக்கிறாள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் பெயர் வாங்கிய நிழலுருவ ஓவியர் ஜான் மியர்ஸும் முகத்துக்கு அடர்கறுப்பு, முடிக்கும் துணி ஓரத்துக்கும் நீர்த்த மை என்றுதான் வரைந்தார். யாரும் சொல்லித்தராமல் இவளுக்கு இது வந்திருக்கிறது என்றால் கவனிக்க வேண்டிய பிள்ளைதான்.

பெரிய ஓவியத்துக்குக் காசு கொடுக்க முடியாதவர்களிடம் செழித்த கலை இது. 1759இல் பிரான்சின் நிதிப் பொறுப்பில் இருந்த சிலுவெத்தின் சிக்கனத்தைக் கேலி செய்து, மலிவான பொருளுக்கெல்லாம் அவர் பெயரை வைத்தார்கள். இந்தப் படங்களோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது; ஆங்கிலத்தில் இவற்றை ‘சிலுவெட்’ என்கிறார்கள். 1839க்குப் பிறகு புகைப்படம் பரவப் பரவ இதை வரைந்தவர்களின் பிழைப்பு படுத்துவிட்டது. ‘ஏஐ வந்தால் எல்லாம் போச்சு’ என்கிற உங்கள் பயம் வீண் பயமல்ல. ஆனால் வெறும் விளிம்பை வைத்தே ஆளைக் காட்டும் திறமைக்கு இன்றும் தேவை இருக்கிறது. அனிமேஷன், கேம் வேலையில் ஒரு பாத்திரத்தை வரைந்ததும் முழுக்கக் கறுப்பாக்கிப் பார்ப்பார்கள். யாரென்று தெரியவில்லையா, மறுபடியும் வரைய வேண்டியதுதான். நிறுவனச் சின்னம், வழிகாட்டிப் பலகை எல்லாவற்றுக்கும் இதே கண்தான் வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். உயர்நிலை நான்கில் இருப்பதால் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் (பாலிடெக்னிக்) இஏஇ என்ற முன்கூட்டிய சேர்க்கையை விட்டுவிடாதீர்கள். ஓ லெவல் எழுதும் முன்பே விண்ணப்பிக்கலாம்; படத் தொகுப்பைக் காட்டலாம். என் பிள்ளையாக இருந்தால் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் கம்யூனிகேஷன் டிசைன் டிப்ளோமாவைத்தான் முதலில் போடச் சொல்வேன். இடம் கிடைத்தாலும் குறைந்தபட்சத் தேர்ச்சி வேண்டும், அதனால் கணக்கு டியூஷன் தொடரட்டும். நாஃபா, லசால் என்ற கலைக் கல்லூரிகள் இரண்டிலும் டிப்ளோமா உண்டு. இரண்டும் இப்போது சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருப்பதால் அப்படியே பட்டப்படிப்புக்கும் போகலாம். தொடக்கக்கல்லூரிதான் வேண்டுமென்றால், பிறகு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளி இருக்கிறது.

படத் தொகுப்பு விஷயத்தில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். அழகான பத்துப் படத்தை மட்டும் நீட்டுவார்கள். ஓகுஸ்த் எதுவார் என்ற பிரெஞ்சு நிழலுருவக் கலைஞர் கறுப்புத்தாளை மடித்து, ஒரே முகத்தை இரண்டு பிரதியாகக் கத்தரியால் வெட்டுவார். ஒன்று வாடிக்கையாளருக்கு, இன்னொன்று பெயரும் தேதியும் எழுதித் தன் ஆல்பத்துக்கு. 1849இல் கப்பல் விபத்தில் அந்த ஆல்பங்களில் பெரும்பகுதி கடலோடு போயிற்று, பாவம். (உங்கள் மகளை எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.) அவரைப் போலத் தேதி போட்டு வைத்தால், நேர்காணலில் அவள் எப்படி வளர்ந்தாள் என்பது தெரியும்.

அடுத்த வாரம் அவளையும் அழைத்து வாருங்கள். அவள் கசக்கிப் போட்ட தாள்கள் இருந்தால் அவற்றையும் எடுத்து வாருங்கள். முதலில் அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.