சேலத்தில் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆக லைசென்ஸ் கட்டாயமா? எப்படி வாங்குவது?

கட்டாயம்தான், ஆனால் எல்லா வியாபாரத்துக்கும் இல்லை.

கேட்டவர் அநேகமாக, "நாலு பேரைத் தெரியும், ஒரு கை பார்த்துடலாம்" என்று பார்க்கிற வேலையை விடப் போகிறவராக இருக்கும். தப்பில்லை. நானும் ஜவுளிக்கடைக் கணக்கு வேலையை விட்டுத்தான் இதில் இறங்கினேன்.

பழைய வீடு, தனி ஆள் விற்கிற மனை, வாடகை, போக்கியம் இதற்கெல்லாம் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, அதாவது நீங்கள் கேட்கிற லைசென்ஸ், தேவையில்லை. புரோமோட்டர் (மனை பிரித்தோ வீடு கட்டியோ விற்கிறவர்) போடும் லேஅவுட்டும் அடுக்குமாடியும்தான் விஷயம். இடம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ போனால் அந்தத் திட்டத்தையே ரெராவில் பதிய வேண்டும். அதை விற்றுக்கொடுக்க நமக்கும் பதிவு வேண்டும், 2016 ரெரா சட்டத்தின் 9ஆம் பிரிவு. தனி ஆளுக்கு 25,000 ரூபாய், நிறுவனம் என்றால் 50,000. 5 வருஷம் செல்லும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்: பான், ஆதார், போட்டோ, முகவரி ஆதாரம், 3 வருஷ ஐடி ரிட்டர்ன். கடைசியில் சொன்னதில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள், கமிஷனை ரொக்கமாக வாங்கியே பழக்கம். மகாராஷ்டிராவில் 2023லிருந்து பரீட்சையே வைக்கிறார்கள். நான் பதிந்தபோது அப்படி எதுவும் எழுதவில்லை.

"டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே லட்சக்கணக்கில் பார்க்கிறான், 25,000 தண்டம்" என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். எழுதுங்கள். எனக்கு அது தண்டமாகத் தெரியவில்லை.

கன்னங்குறிச்சி தாண்டி மலை அடிவாரத்தில் ஒரு லேஅவுட். திருப்பூரிலிருந்து வந்த கணவன் மனைவியைக் கூட்டிப் போயிருந்தேன். பெரிய போர்டு, ஏற்காடு மலை படம், கீழ் ஓரத்தில் எறும்பு சைஸில் ரெரா நம்பர். அங்கேயே நின்று போனில் போட்டுப் பார்த்தால் ஓமலூர் பக்கம் இருக்கும் வேறு லேஅவுட் வருகிறது. மேனேஜரைக் கேட்டேன். "அது நம்ம கம்பெனி நம்பர் மேடம், இதுக்கு அப்ளை பண்ணியாச்சு." கம்பெனிக்கு ஏதுங்க நம்பர், ஒவ்வொரு திட்டத்துக்கும்தான் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். பதிவு வருகிறவரை விளம்பரமே போடக்கூடாது. அதை நான் விற்றுக்கொடுத்தால் 62ஆம் பிரிவில் நாளுக்கு 10,000 அபராதம், மனை விலையில் 5 சதவீதம் வரை போகலாம்.

அதற்கு அந்த ஆள், "உங்க வீட்டுக்காரர் வரலைங்களா? அவர்கிட்ட பேசிக்கறேன்" என்றார். என் வீட்டுக்காரருக்குப் பட்டா எது, பத்திரம் எது என்றே தெரியாது. பதிவுச் சான்றில் ஒட்டியிருப்பது என் போட்டோ. பார்ட்டியைத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டேன்.

அதோடு முடிந்ததா? அதே பார்ட்டிக்கு அஸ்தம்பட்டியில் ஒரு பழைய வீட்டைக் காட்டினேன். என்னை விட்டுவிட்டு ஓனரிடம் நேராகப் போய் கிரயம் முடித்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் புதுமனைப் புகுவிழா பத்திரிகை மட்டும் மறக்காமல் வந்தது. இந்த மாதிரி வியாபாரத்தில் நம் கமிஷனுக்கு ரெரா துணைக்கு வராது. வீட்டைக் காட்டும் முன்பே எவ்வளவு கமிஷன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முகம் சுளிக்கிறவர்களுக்குக் காட்டவே வேண்டாம்.

கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்திர ஆபீசுக்குக் காலையில் டோக்கனோடு போனால் சர்வர் வேலை செய்யவில்லை என்று சாயங்காலம் வரை உட்கார வைப்பார்கள். நான் போகிற ஆபீசில் பெண்களுக்கான கழிப்பறை எப்போதும் பூட்டித்தான் கிடக்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. கிரய நாளில் நான் தண்ணீரே குடிப்பதில்லை. லட்சக்கணக்கில் முத்திரைத்தாள் கட்டணம் வாங்குகிறவர்களுக்கு ஒரு சாவி பெரிய விஷயமா?

ஏற்காட்டில் மேலேயே விற்கிற எண்ணம் இருந்தால் தனிக் கேள்வியாகப் போடுங்கள். ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி, மலைவாழ் மக்கள் நிலமா என்று பார்ப்பது, நிபந்தனைப் பட்டா என்று அது வேறு கணக்கு.