சாம்பல் கொக்கும் செம்முதுகு மரங்கொத்தியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மண்டபத்துக்கு அருகே கடலோரச் சேற்றில் வெள்ளைக் கொக்குகள் நான்கைந்து நின்ற இடத்தில், உடல் சாம்பலாகவும் இறக்கையில் வெள்ளைத் திட்டுகளாகவும் இருந்த ஒரு கொக்கைப் பார்த்தேன். அது இரண்டு இனங்கள் கலந்து பிறந்ததா? (மண்டபம் வாசகர் ஒருவர்)

பதில்: இருக்கலாம். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டிவிடக் கூடாது. நம் கரையில் இரை தேடும் கடற்கரைக் கொக்கு, ஒரே இனத்துக்குள்ளேயே இரண்டு நிறங்களில் வரும். ஒன்று தொண்டை மட்டும் வெளுத்த கருஞ்சாம்பல். மற்றொன்று முழு வெள்ளை. இவற்றுக்கு இடைப்பட்டுத் திட்டுத்திட்டாக இருக்கும் பறவைகளும் உண்டு. தாயும் தந்தையும் கடற்கரைக் கொக்காகவே இருந்தாலும் குஞ்சு அப்படி அமையலாம்.

இருந்தும் உங்கள் ஐயத்துக்கு அடிப்படை இருக்கிறது. நம் கண்மாய்களில் கருவேல மரங்களில் கூடு கட்டும் சின்னக் கொக்கு, இதற்கு மிக நெருங்கிய உறவு. இரண்டையும் ஒரே இனமாகவே வகைப்படுத்திய அறிஞர்களும் இருந்தார்கள். இவ்விரண்டும் கலந்து இணைந்ததற்குப் பதிவுகளும் உள்ளன. ஆகவே பார்க்க வேண்டியது இறகை அல்ல, அலகையும் காலையும்.

சென்ற ஆண்டு தனுஷ்கோடி போகும் வழியில், கோதண்டராமர் கோயில் அருகே உள்ள ஆழமற்ற நீரில், வெள்ளைக் கொக்கு ஒன்றை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு காலை நீருக்குள் நடுங்க விட்டுச் சேற்றைக் கிளறுவதும், கலங்கிய இடத்திலிருந்து வெளியே பாயும் மீன்குஞ்சைக் கொத்துவதுமாக இருந்தது. தொலைவிலிருந்து பார்த்தபோது அதைச் சின்னக் கொக்கு என்றே நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அலகு கறுத்து ஊசிபோல் இல்லாமல், மஞ்சள் கலந்த பழுப்பாக, சற்றுத் தடித்து, நுனியில் இலேசாகக் கீழே வளைந்திருந்தது. பாதத்தின் மஞ்சள் நிறம் காலிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. கடற்கரைக் கொக்கின் வெள்ளை வடிவம் என்றே அதைக் குறித்துக்கொண்டேன்.

மழைக்காலத்துக்குப் பின் கண்மாய்களில் பொரித்த சின்னக் கொக்கின் இளம்பறவைகளும் கடலோரத்துக்கு வரும். அவற்றின் அலகும் காலும் வெளிறியே இருப்பதால் தேர்ந்தவர்களும் ஏமாறுவார்கள். முதிர்ந்த பறவையாக இருந்து, அலகு, கால், உடல் நிறம் மூன்றிலுமே இரு இனத்துக்கும் நடுவில் நின்றால், கலப்பினமாக இருக்கக்கூடும் என்று எழுதலாம். உறுதி வேண்டுமானால், இணை சேர்ந்த இரு பறவைகளையும் கூட்டிலேயே பார்த்திருக்க வேண்டும். இல்லையேல் மரபணுவைச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: கலப்பில் பிறந்த பறவை கோவேறு கழுதையைப் போல மலடாகத்தானே இருக்கும்? (கீழக்கரை வாசகி)

பதில்: எப்போதும் இல்லை. நெருங்கிய பறவையினங்களின் கலப்புக் குஞ்சுகள் பலவும் இனப்பெருக்கம் செய்கின்றன. அப்படிப் பிறந்த பறவை தாய் இனத்தோடோ தந்தை இனத்தோடோ மீண்டும் இணையும்போது, ஓர் இனத்தின் மரபணு மற்றதற்குள் கசிகிறது. இதைத்தான் மரபணுப் பாய்வு என்கிறார்கள். கண்மாய்க் கரை நீரைத் தேக்கினாலும் கலுங்கு வழியாகக் கொஞ்சம் போய்க்கொண்டிருப்பது போன்றது இது; கண்மாய் கண்மாயாகவே இருக்கும். ஐரோப்பாவில் முழுக் கறுப்புக் காகமும் சாம்பல் உடல் காகமும் சந்திக்கும் இடங்களில் கலந்து பிறக்கின்றன. 2014இல் வெளியான மரபணு ஆய்வு, அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மரபுத்தொகுதியின் மிகச் சிறு பகுதியிலேயே, பெரும்பாலும் நிறத்தோடும் பார்வையோடும் தொடர்புடைய இடங்களில், குவிந்திருப்பதைக் காட்டியது. மற்றவை கலந்தாலும் நிறம் கலந்துவிடவில்லை.

மலட்டுத்தன்மை வரும்போது, பறவைகளில் அது பெரும்பாலும் பெண்ணையே முதலில் தாக்கும். ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரு பாலினக் குரோமோசோம்கள் பறவைகளில் பெண்ணிடம் இருப்பதோடு இது தொடர்புடையது. 1922இல் இதை விதியாக வகுத்துச் சொன்னவர் மரபியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன், பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் காலமானவர்.

கேள்வி: கடல் நடுவில் இருக்கும்போது இராமேசுவரத்துப் பறவையும் இலங்கைப் பறவையும் கலக்க வழி உண்டா? (பாம்பன் மாணவர்)

பதில்: மிக நல்ல கேள்வி. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவுதான். இடையிலுள்ள மணல்திட்டுகளைச் சுற்றிக் கடல் சில மீட்டர் ஆழமே. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இது நடந்து போகக்கூடிய நிலம். கடல் கடந்து பறக்கத் தயங்கும் காட்டுப் பறவைகளுக்கும் அது வழியாக இருந்திருக்கும்.

நம் பனைமரங்களில் தட்டும் பொன்முதுகு மரங்கொத்தியைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருப்பது இதைப் போலவே பொன் முதுகோடு இருக்கிறது. தெற்கே போனால் முதுகு இரத்தச் சிவப்பு. இரண்டும் சந்திக்கும் வடமத்தியப் பகுதியில் ஆரஞ்சு முதுகுள்ள பறவைகள் உண்டு. இறகையும் மரபணுவையும் ஒருங்கே ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட அறிஞர்கள், கலப்பு நடந்தாலும் செம்முதுகுப் பறவை தனி இனமாகவே நிற்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். கலந்து பிறந்தாலே ஒரே இனம் என்று பள்ளியில் படித்ததை இந்த ஒரு பறவையே மறுபரிசீலனை செய்ய வைக்கிறது.

தங்கச்சிமடத்துப் பனந்தோப்புகளில் மரங்கொத்தி தென்பட்டால், மரத்தோடு ஒட்டி முதுகு காட்டும்போது, காலை வெயிலில் படமெடுத்து இடமும் தேதியும் எழுதி அனுப்புங்கள். மாலை வெயிலில் பொன்னும் ஆரஞ்சாகத் தெரியும்.