படுகை நிலத்தில் வாழை: கணினி வரைபடம் சரியா, மண்வெட்டி சரியா?

கேள்வி: கொள்ளிடக் கரைக்குள் மூன்று ஏக்கர் படுகை நிலம் இருக்கிறது. வாழை வைக்க எண்ணம். மகன் கைபேசியில் சாயில்கிரிட்ஸ் (SoilGrids) என்கிற, கணினி கணித்த உலக மண் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மூன்று ஏக்கரும் ஒரே களிப்பாங்கான மண் என்கிறான். வெட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் நல்ல வண்டல், இன்னொரு பக்கம் முழங்கை ஆழத்திலேயே மணல். எதை நம்புவது ஐயா?

பதில்: மண்வெட்டியை நம்புங்கள். அதற்காக மகனைக் கோபிக்க வேண்டாம், அவர் பார்த்தது வெறும் ஊகம் இல்லை. உலகம் முழுக்கச் சுமார் 2,40,000 இடங்களில் எடுத்த மண் விவரங்களோடு மழை, வெப்பம், நில உயரம், செயற்கைக்கோள் படம் எல்லாவற்றையும் சேர்த்து, கணினி நூற்றுக்கணக்கான கேள்வி மரங்களை வளர்க்கிறது. ‘ஆற்று மட்டத்திலிருந்து உயரம் இவ்வளவுக்கு மேலா, கீழா’ என்கிற மாதிரி ஒவ்வொரு மரமும் கிளை பிரிந்து ஒரு விடை சொல்லும். எல்லா விடைகளையும் சேர்த்து முடிவு வரும்.

சிக்கல் கட்டத்தின் அளவில் இருக்கிறது. அந்த வரைபடத்தில் ஒரு கட்டம் 250 மீட்டருக்கு 250 மீட்டர், அதாவது பதினைந்து ஏக்கருக்குச் சற்று மேல். உங்கள் மூன்று ஏக்கர் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மேட்டு நிலத்துக்கு இந்தச் சராசரி ஓரளவு பொருந்தும், படுகைக்குப் பொருந்தாது. வெள்ளம் கரை தாண்டியதும் வேகம் குறைந்து, கனமான மணலை அருகிலேயே போட்டுவிடும். வண்டல் கொஞ்சம் தள்ளிப் படியும். களி, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில்தான் இறங்கும். அரை மீட்டர் உயர வித்தியாசத்தில் மண்ணே மாறிவிடும். போதாக்குறைக்கு 2018, 2022 ஆகஸ்ட் வெள்ளங்கள் மாதிரி ஒன்று வந்தால், பழைய மண்ணின் மேல் புதிதாக ஒரு அடுக்கு ஏறிவிடும். அது பழைய விவரங்களில் எப்படி இருக்கும்?

ஒன்று செய்யச் சொல்லுங்கள். அதே வரைபடத்தில் களியின் அளவுக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்றும் எண்கள் இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், ‘இங்கே எனக்கே நிச்சயமில்லை’ என்று கணினியே ஒத்துக்கொள்கிறது. இதைப் பார்க்காமல் நடுவில் உள்ள ஒற்றை எண்ணை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் பலரும் செய்வது.

வாழைக்கு முக்கியம் அடுக்கு மாறும் ஆழம். வண்டலுக்குக் கீழே மணல் இருந்தால் தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நடப்பது வேறு. மேலே உள்ள நுண்ணிய மண் கிட்டத்தட்ட நிறைந்து சொதசொதவென்று ஆகும்வரை நீர் மணலுக்குள் இறங்காது. ஆக, மணலுக்கு மேலேயே ஈரம் தங்கி வேர் மூச்சுத் திணறும். வேர் அந்த மணலைத் தாண்டிப் போகவும் தயங்கும்.

அதனால் கரையோரம், நடு, பள்ளம் என்று மூன்று இடத்தில் ஒரு மீட்டர் ஆழக் குழி எடுங்கள். மணல் அடுக்கு ஒரு சாணுக்குள் மெலிதாக இருந்தால், வழக்கமான 45 சென்டிமீட்டர் நடவுக் குழியை அதற்கும் கீழே இறக்கி, மேல் மண்ணோடும் தொழு எருவோடும் கலந்து மூடிவிடலாம். அடியில் முழுக்க மணலேயானால் நீரையும் தழைச்சத்தையும் சிறுகச் சிறுக, அடிக்கடி கொடுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் அடியோடு போய்விடும். இரண்டு அடிக்குள் நீலச் சாம்பல் நிறமும் துருப்புள்ளிகளும் தெரிந்தால் அங்கே வருடத்தில் நெடுநாள் தண்ணீர் தேங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகால் எடுக்க வழியில்லாவிட்டால் அந்தத் துண்டை நெல்லுக்கு விட்டுவிடுவதே நல்லது.

மண் பரிசோதனைக்கும் மூன்று பகுதியையும் கலக்காமல் தனித்தனியாக அனுப்புங்கள். பகுதிக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்து, கலந்து, அரை கிலோ போதும். வாழைக்கு மேல் மண் மட்டும் பற்றாது; 30, 60 சென்டிமீட்டர் ஆழ மண்ணையும் வேறு பைகளில் போட்டு, பைமேல் ஆழத்தை எழுதிவிடுங்கள். நிலம் முகத்துவாரத்துக்குப் பக்கம் என்றால் கிணற்று நீரின் உப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.