சளி பிடித்த கொடையாளரின் நுரையீரலைப் பொருத்தலாமா?

கே: மூளைச்சாவு அடைந்தவரின் மூக்குச் சளியில் கொரோனா இல்லை என்று வந்துவிட்டால் போதாதா? எதற்கு இன்னொரு பரிசோதனை?

போதாது. அமெரிக்காவின் மிச்சிகனில் 2020-ல் நடந்ததை அறிந்தால் ஏன் என்பது புரியும். விபத்தில் உயிரிழந்த ஒரு பெண்ணின் இரு நுரையீரல்களையும், மூச்சுத்திணறலால் நீண்டகாலம் தவித்த இன்னொரு பெண்ணுக்குப் பொருத்தினார்கள். இருவருக்கும் மூக்குப் பரிசோதனையில் ‘நெகட்டிவ்’. பெற்றவருக்கு மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சுத்திணறல். அப்போதும் மூக்கில் வைரஸ் அகப்படவில்லை. நுரையீரலுக்குள்ளிருந்து எடுத்த மாதிரியில்தான் அகப்பட்டது. கொடையாளரிடம் அப்படி எடுத்து, நல்லவேளையாகப் பத்திரப்படுத்தியிருந்த மாதிரியைச் சோதித்தபோது அதிலும் இருந்தது. நுரையீரலைக் கையாண்ட அறுவை மருத்துவருக்கும் தொற்றியது. நுரையீரலைப் பெற்ற பெண் 61 நாட்களில் இறந்துபோனார்.

அவருக்காக இன்றும் மனம் வலிக்கிறது. மூக்கில் இல்லாத வைரஸ் கீழே ஆழத்தில் இருக்கலாம். அதனால் மெல்லிய குழாயை மூச்சுக்கிளைக்குள் இறக்கி, உப்புநீரைச் செலுத்தி, உடனே உறிஞ்சி எடுக்கிறோம். லேசாகக் கலங்கி, மேலே நுரை கட்டித் திரும்பும் அந்த நீரில்தான் உண்மை இருக்கிறது. நுரையீரல் கொடையாளர்களுக்கு இந்த ஆழப் பரிசோதனையை அமெரிக்கா 2021-ல் கட்டாயமாக்கியது.

கே: கொரோனா இருக்கும் அதே கொடையாளரின் சிறுநீரகத்தை மட்டும் ஏற்கிறார்களே?

கொரோனா வைரஸின் முக்கிய இருப்பிடம் மூச்சுப்பாதை. சிறுநீரகம், கல்லீரல் வழியாக அது பரவும் ஆபத்து மிகக் குறைவு. நுரையீரலைப் பொருத்தினாலோ, நோய் குடியிருக்கும் வீட்டையே இடம் மாற்றியதாகிவிடும்.

கே: அப்பா ஆக்சிஜனோடு காத்திருக்கிறார். கொடையாளருக்கு ஏதோ ஒரு வைரஸ் இருந்தாலே மறுத்துவிடுவீர்களா?

இல்லை, எல்லா வைரஸும் ஒன்றல்ல. சாதாரண ஜலதோஷம் தரும் ரைனோவைரஸ் மட்டும் தென்பட்டு, சி.டி. ஸ்கேனும் ஆக்சிஜன் அளவும் நன்றாக இருந்தால் ஏற்பது பற்றி யோசிப்போம். இன்ஃப்ளூயன்ஸா (ஃப்ளூ காய்ச்சல்) என்றால் கூடுதல் எச்சரிக்கை: நிமோனியா இருந்தால் ஏற்க மாட்டோம், ஏற்கும் சில மையங்கள் பெறுபவருக்கும் ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைக் கொடுக்கின்றன. கொரோனா தொற்று இப்போது இருக்கும் நுரையீரல் வேண்டாம். எப்போதோ வந்து குணமானவருடையது என்றால் தனியாகப் பார்க்க வேண்டும். காத்திருப்பிலேயே உயிர் போகும் ஆபத்தையும் தராசின் மறுதட்டில் வைத்தாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மறுப்பதும் ஒருவரின் உயிரைப் பறிக்கலாம். உங்கள் மருத்துவரிடம், “என்ன வைரஸ், எங்கே எடுத்த மாதிரி, ஸ்கேன் எப்படி?” என்று தயங்காமல் கேளுங்கள்.

கே: மாற்று அறுவை முடிந்த அம்மாவுக்குப் பேரனிடமிருந்து சளி ஒட்டிக்கொண்டது. மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்காதீர்கள். சாதாரண வைரஸ்கூட, பொருத்திய நுரையீரலை நாளடைவில் பழுதாக்கலாம். வீட்டில் ஊதிப் பார்க்கும் கருவியில் அளவு பத்து சதவீதம் குறைந்தாலே மையத்துக்குத் தெரிவியுங்கள். கொரோனாவுக்கான பாக்ஸ்லோவிட் மாத்திரை, பொருத்திய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க அம்மா சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். வேறு யாராவது அதை எழுதிக்கொடுத்தாலும், மாற்று அறுவை மருத்துவரைக் கேட்காமல் முதல் மாத்திரையைக்கூடக் கொடுக்காதீர்கள்.